பின்சுவரில் ஒரு ஜன்னல்

காலனி வீடுகளில் சுவரை உடைத்து ஜன்னல் வைக்கும் வேலை பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் நடக்கும். திருவிழாவுக்கென்று திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் வந்திருப்பார்கள். கையில் கொஞ்சம் காசு இருக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவெல்லாம் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். வந்தவர்களில் ஒருவராவது கொத்தனாராகவோ சென்ட்ரிங் வேலைக்காரராகவோ இருப்பார். "இந்தப் பின்சுவத்துல ஒரு ஜன்னல் வச்சா என்ன?" என்ற பேச்சு அப்போதுதான் எழும்.

அந்தப் பேச்சோடு மூன்று கேள்விகளும் சேர்ந்தே எழும். சுவர் தாங்குமா? காசு தாங்குமா? ஊர் தாங்குமா? முதல் இரண்டும் எல்லா வீட்டுக்கும் பொது. மூன்றாவது கேள்வி காலனிக்கு மட்டும் உரியது. அதிலும் ஊர்த்தெருவையோ, ஊர்க்காரர் வயலையோ, பொதுப்பாதையையோ பார்த்த சுவர் என்றால் அந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கும்.

ஒரு ஜன்னலுக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். அடுத்த முறை ஏதாவது ஒரு காலனியின் ஓரத்தில் நடந்து போகும்போது, ஊரைப் பார்த்து நிற்கும் வீடுகளின் சுவர்களைக் கவனியுங்கள். எத்தனை சுவரில் ஜன்னல் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

தொகுப்பு வீட்டின் கணக்கு

1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒதுங்கிய 44 தலித் மக்கள் தீயில் எரிந்து இறந்தார்கள். கீற்றுக் குடிசை எவ்வளவு எளிதில் எரியும் என்பதை நாடே பார்த்தது. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதற்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவதுதான். கடன், மானியம் எல்லாம் பிறகு வந்தவை.

1985-86இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. தொடக்கத்தில் அது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கு மட்டுமே. 1993-94இலிருந்து மற்ற ஏழைகளுக்கும் விரிந்தது. வரிசையாக, ஒரே அளவில், ஒரே சாயலில் கட்டப்பட்ட அந்த வீடுகளைத்தான் நாம் இன்றும் தொகுப்பு வீடு என்கிறோம். குறைந்தபட்ச அளவு 20 சதுர மீட்டர், அதாவது சுமார் 215 சதுர அடி.

எரியாத கூரை கிடைத்தது பெரிய மாற்றம். அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் கொடுத்த தொகைக்குள் வீட்டை முடிக்க வேண்டிய நெருக்கடியில் முதலில் குறைந்தது ஜன்னல். மரச்சட்டம், கதவு, கம்பி, கொக்கி என்று ஜன்னலுக்குத் தனியாக ஆள் வேண்டும், பணம் வேண்டும். செங்கல்லை அடுக்கி மூடிவிட்டால் வேலை முடிந்தது. அதனால் பல வீடுகளில் ஒன்றரை அடிக்கு இரண்டடி சிமெண்ட் ஜாலி ஒன்றைப் பதித்ததோடு சரி. சில அறைகளில் அதுவும் இல்லை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஓர் எளிய கணக்குச் சொல்கிறது. ஆட்கள் புழங்கும் அறையில், கதவைச் சேர்க்காமல், ஜன்னல் திறப்பின் பரப்பு தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இது வறண்ட வெப்பப் பகுதிக்கு. புழுக்கம் மிகுந்த ஈர வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு.

இதை நம் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். அறை 10 அடிக்கு 12 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைப்பரப்பு 120 சதுர அடி. பத்தில் ஒரு பங்கு என்றால் 12 சதுர அடி. மூன்றடிக்கு நாலடி ஜன்னல் ஒன்று தேவை. கடலோர மாவட்டம் என்றால் ஆறில் ஒரு பங்கு, 20 சதுர அடி. மூன்றடிக்கு மூன்றரை அடியில் இரண்டு ஜன்னல் தேவை. நம்மிடம் இருப்பது ஒன்றரைக்கு இரண்டு, அதாவது 3 சதுர அடி. அதிலும் பாதியை ஜாலியின் சிமெண்டே அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஓட்டை வழியாகத்தான் ஐந்து பேருக்குக் காற்று வர வேண்டும்.

மூடிய அறையின் விலை

ஜன்னலுக்குப் பழந்தமிழில் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஜன்னல் என்ற சொல்லோ போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. பழைய பெயரே அதன் முதல் வேலையைச் சொல்லிவிடுகிறது.

காற்றுக்கு வழியில்லாத அறையில் விறகடுப்பு எரிந்தால் புகை போக இடமில்லை. எரிவாயு இணைப்பு வந்த வீடுகளிலும் சிலிண்டர் தீர்ந்த நாட்களில் விறகுதான் கை கொடுக்கிறது. வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 32 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சிறு பிள்ளைகளுக்கு நிமோனியா, பெண்களுக்கு நீங்காத மூச்சிரைப்பு, கண்புரை. மூன்றுக்கும் இந்தப் புகைக்கும் தொடர்பு உண்டு. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்து, அறையில் காற்று மாறவே இல்லை என்றால், மற்றவர்களுக்கும் தொற்றும் வாய்ப்பு கூடும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லும் செவிலியர் ஜன்னலைத் திறந்து வைக்கவும் சொல்வார். திறப்பதற்கு ஒன்று இருக்க வேண்டுமே!

படிக்கிற பிள்ளைகளுக்கு இது வேறு விதமான இழப்பு. பகல் 11 மணிக்கும் பல்பு போட்டுத்தான் புத்தகம் பார்க்க வேண்டிய வீடுகள் இருக்கின்றன. மின்சாரம் போனால் படிப்பும் போனது. வாசலில் உட்காரலாம் என்றால் அங்கே நாலு பேர் பேச்சு. வீட்டுக்குள் ஜன்னலோரம் ஓரிடம் கிடைத்தால், வலது கையால் எழுதும் பிள்ளை வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும்படி உட்கார வேண்டும். கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. இடது கைக்காரருக்கு இதன் மறுபக்கம்.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். நகரங்களின் அடுக்குமாடிகளில் ஜன்னல் பதிப்பவர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். ஆளுயரக் கண்ணாடி ஜன்னலுக்கு அளவெடுத்துச் சாரத்தில் நின்று பூசியவர்கள், ஊருக்கு வந்து ஜாலி ஓட்டைக்குக் கீழே படுக்கிறார்கள். நான் வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான். அப்பாவுக்குச் சுவர் வேலை அத்துபடி. ஆனால் எங்கள் வீட்டுப் பின்சுவரை அவர் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டால், "அந்தப் பக்கம் வேணாம்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார். அந்தப் பக்கம் இருந்தது ஊர்.

எழுதப்படாத உத்தரவு

தலித் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை நெடுங்காலம் ஊர்தான் தீர்மானித்தது. தீண்டப்படாதோர் எதையெல்லாம் செய்தால் குற்றம் என்று கிராமம் வைத்திருந்த பட்டியலை அண்ணல் அம்பேத்கர் எழுதி வைத்திருக்கிறார். ஓடு வேய்ந்த வீடு கட்டுவதும் அதில் ஒரு குற்றம். குடியிருப்பு ஊருக்கு வெளியே தெற்கில்தான் இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. தெற்கு ஆகாத திசையாம். தென்றல் என்று தமிழன் கொண்டாடும் காற்று அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது!

தமிழ்நாட்டிலும் இத்தகைய பட்டியல் பதிவாகியிருக்கிறது. 1930இல் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். குடை கூடாது, செருப்பு கூடாது, உலோகப் பாத்திரம் கூடாது என்று அது நீண்டது. அடுத்த ஆண்டே தடைகள் பதினொன்றாகின. அக்காலத்து அதிகாரியும் ஆய்வாளருமான ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

இன்று அப்படிப் பட்டியல் போட்டு யாரும் தண்டோரா போடுவதில்லை. ஆனால் சில ஊர்களில் வாய்ச்சொல்லாக அது தொடர்கிறது. "எங்க தெருவப் பாத்து ஜன்னல் வைக்காதீங்க", "எங்க வீட்டுப் பொம்பளைங்க நடமாடுற இடம்", "மாடி கட்டுறதுன்னா எங்களக் கேட்டுக் கட்டு" என்று சொல்வார்கள். சொல்லாத ஊர்களிலும் சொல்லிவிடுவார்களோ என்ற எண்ணமே போதும், கொத்தனார் அந்தச் சுவரை மூடிவிடுவார். அரசாங்கப் பணத்தில், நம் பெயரில் உள்ள பட்டாவில், நம் கையாலேயே நாம் ஜன்னல் இல்லாத சுவர் எழுப்புகிறோம்.

பயத்துக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. கலவரம் என்று வந்தால் முதல் கல் ஜன்னலில்தான் விழும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகள் எரிக்கப்பட்டதைப் பார்த்தவர்கள், திறப்பு அதிகம் இருந்தால் ஆபத்தும் அதிகம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நெருப்பு வந்தால் ஒரே ஒரு வாசல் உள்ள வீடுதான் பொறி. இரண்டாவது வழி இருக்கும் வீட்டில் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இதைக் கீழே ஜன்னல் கம்பி பற்றிச் சொல்லும்போது மறுபடியும் பார்ப்போம்.

சுவர்கள் நம்மை எப்போதும் காத்ததில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் தலித் குடியிருப்பைப் பிரித்து எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட 2008 மே 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில், பக்கத்து இடத்தின் உயரமான சுற்றுச்சுவர் வீடுகள் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

"எங்கள் பக்கம் ஜன்னல் வைக்கக் கூடாது" என்று ஒருவர் சொல்ல முடியுமா? மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். சட்டப் புத்தகத்திலேயே புது ஜன்னல் ஓர் எடுத்துக்காட்டாக இடம்பெற்றிருக்கிறது.

ஈஸ்மெண்ட் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882ஆம் ஆண்டு வந்தது. அதன் 18ஆவது பிரிவு, ஓர் ஊரின் வழக்காற்றால் பிறக்கும் உரிமைகளைப் பற்றியது. அதில் தரப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்றின் சாரம் இது: ஓர் ஊரில், பக்கத்து வீட்டின் அந்தரங்கத்தைப் பெரிதும் பாதிக்கும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்தால், அந்த வழக்கத்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓர் உரிமை உண்டு.

இதைப் பிடித்துக்கொண்டு யாராவது வரலாம். அவர்களுக்குப் பதில் அந்த எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது. ஒன்று, அது பேசுவது வீட்டுக்குள் பிறர் கண்ணில் படாத பகுதியைப் பற்றி. நாலு பேர் நடக்கும் தெரு யாருடைய அந்தரங்கமும் அல்ல. இரண்டு, அந்த உரிமை இரு பக்கத்துக்கும் சமம். எனக்கு உண்டு என்றால் உனக்கும் உண்டு. ஒரு சாதியை மட்டும் கட்டுப்படுத்தும் வழக்கம் அந்தக் கணக்கில் வராது. மூன்று, 1950க்குப் பிறகு எந்த வழக்காறும் அரசமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 13ஆவது உறுப்பின்படி, அடிப்படை உரிமைக்கு முரணான வழக்காறு செல்லாது. 17ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்துவிட்டது.

அதற்கு மேலும் ஒருவர் மிரட்டித் தடுத்தால், அது சிவில் தகராறோடு நிற்காது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பின், பிரிவு 3(1)(ஜி)யில் தெளிவாகச் சொல்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தம் நிலத்தையோ வீட்டையோ அனுபவிக்கும் உரிமையில் அந்தச் சமூகங்களைச் சேராத ஒருவர் தலையிடுவது குற்றம். ஜன்னல் வைத்ததற்காகக் கடையில் சாமான் தராதே, வேலைக்குக் கூப்பிடாதே என்று ஒதுக்கி வைத்தால், அந்தச் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே சட்டத்தில் தனிக் குற்றம். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது பிரிவு 18ஏ. விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி. புகார் கொடுக்க வழி தெரியாதவர்கள் 14566 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

நம் பக்கத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஜன்னல் நம் சுவரில், நம் மனைக்குள் இருக்க வேண்டும். வெளியே விரியும் கதவும், சன்ஷேடும் அடுத்தவர் இடத்துக்குள்ளோ பொதுப்பாதைக்குள்ளோ நீளக் கூடாது. பக்கத்து மனைக்காரர் தன் இடத்தில் சுவர் எழுப்பி நம் வெளிச்சத்தை மறைத்தால், நம் ஜன்னல் 20 ஆண்டு இடைவிடாமல் அனுபவத்தில் இருந்திருந்தால்தான் அந்த வெளிச்சத்தையும் காற்றையும் உரிமையாகக் கேட்க முடியும் என்கிறது அதே 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. ஆகவே பட்டா நகல், மனை அளவு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். புது ஜன்னலை வைத்த தேதி தெரிய ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள்.

காலனிக்குள்ளேயே சண்டை வருவதும் உண்டு. வீட்டுக்கும் வீட்டுக்கும் மூன்றடி சந்து. நம் ஜன்னல் நேராகச் சித்தப்பா வீட்டுச் சமையலறைக்குள் பார்த்தால் சித்தி கோபப்படுவது நியாயம்தானே. அந்தப் பக்கம் ஜன்னலை ஓரடி இரண்டடி தள்ளி, எதிரெதிராக வராமல் வைக்கலாம். அல்லது ஐந்தரை அடி உயரத்துக்கு மேல் அகலமான வென்டிலேட்டராக வைக்கலாம். காற்று வரும், பார்வை போகாது. உடைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சுவரை எப்படி உடைப்பது?

இனி கொத்து வேலை. தொகுப்பு வீட்டில் தூண் கிடையாது. தளத்தின் பாரம் முழுவதையும் சுவரே சுமக்கிறது. அதனால் சம்மட்டியை எடுத்து நேராக அடிக்கத் தொடங்குவது மிகப் பெரிய தவறு.

முதலில் தளத்தை அண்ணாந்து பாருங்கள். காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறதா? சுவரில் விரல் நுழையும் விரிசல் இருக்கிறதா? இருந்தால் ஜன்னலைத் தள்ளிப்போடுங்கள். பழுது பார்ப்பதுதான் முதல் வேலை. மண்சுவர் என்றால் பெரிய திறப்பு வேண்டாம். சிறிய வென்டிலேட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நன்றாக இருந்தால் இடத்தைக் குறியுங்கள். மூலையிலிருந்து இரண்டடியாவது தள்ளியிருக்க வேண்டும். அகலம் மூன்றடிக்கு மேல் போக வேண்டாம். அடிமட்டம் தரையிலிருந்து மூன்றடி போதும், பாயில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு என்றால் இரண்டரை அடியாகவும் இறக்கலாம். எதிர்ச் சுவரில் கதவோ இன்னொரு திறப்போ இருக்கும்படி இடம் பார்த்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும். ஒரே பக்கத்தில் இரண்டு ஜன்னல் வைப்பதைவிட எதிரெதிரே ஒவ்வொன்று வைப்பது மேல். வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிக்கும் பக்கம் என்றால் சன்ஷேடு கட்டாயம்.

அடுத்தது லிண்டல். கதவுக்கு மேலுள்ள லிண்டல் சுவர் முழுக்கச் சுற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வேலை எளிது. அதற்குக் கீழே மட்டும் உடைத்தால் போதும், லிண்டலைத் தொடவே கூடாது. அப்படி ஓடவில்லை என்றால் புது லிண்டல் வைக்காமல் ஒரு செங்கல்லையும் எடுக்காதீர்கள்.

மூன்றடித் திறப்புக்கு நாலடி லிண்டல். இரு பக்கமும் அரையடி சுவர் மேல் உட்கார வேண்டும். தரையிலேயே அச்சு அடித்து, 10 மில்லி கம்பி மூன்றை அடிப்பக்கம் வரும்படி வைத்து வார்த்து, இரண்டு வாரம் தண்ணீர் விட்டுக் காய விடுங்கள். மேல்பக்கம் எது என்று வார்த்த அன்றே குறித்துவிட வேண்டும். தலைகீழாக வைத்தால் கம்பி மேலே போய்விடும், லிண்டல் விரியும். ஒன்பது அங்குல அகலம், ஆறு அங்குல உயரம் உள்ள இந்த லிண்டலின் எடை 100 கிலோவைத் தாண்டும். தூக்க நாலு பேர் வேண்டும்.

தூக்கும் நாளுக்கு முன்பே அறைக்குள் தளத்துக்குப் பலகை கொடுத்து, சவுக்கு முட்டு வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சுவருக்குள் வயர் ஓடலாம். பிறகு லிண்டல் வரும் உயரத்தில் மட்டும் உளியால் பள்ளம் எடுத்து, லிண்டலை ஏற்றி, மேலே உள்ள இடைவெளியைக் கெட்டியான சிமெண்ட் கலவையால் இறுக அடைக்க வேண்டும். ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அதன் பிறகுதான் கீழே உடைப்பது. அதுவும் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக. எடுத்த செங்கல்லை முழுசாக எடுத்தால் ஓரம் கட்ட உதவும்.

சட்டத்தை நிறுத்தும்போது தூக்குக்குண்டும் ரசமட்டமும் பார்த்து நிறுத்துங்கள். பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு பிடிகம்பி சுவருக்குள் போக வேண்டும். அடிக்கட்டை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இருந்தால்தான் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. பூசிய பின் ஏழு நாள் காலை மாலை தண்ணீர் அடிக்க வேண்டும்.

கம்பிக்கு கம்பி நாலு அங்குலத்துக்குள் இருக்கட்டும், பிள்ளைகள் தலை நுழையாது. ஆனால் வீட்டுக்கு ஒரே கதவுதான் என்றால், ஒரு ஜன்னலின் கம்பிச் சட்டத்தையாவது கீல் வைத்து, உள்ளிருந்து தாழ் நீக்கித் திறக்கும்படி செய்யுங்கள். அடுப்புத் தீயானாலும் வேறு தீயானாலும் அதுவே இரண்டாவது வாசல். வெல்டிங் கடையில் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் நிரந்தரமாக ஒட்டித்தான் தருவார்கள்.

சட்டமும் கதவும் வாங்கக் காசில்லை என்றால் லாரி பேக்கர் காட்டிய வழி இருக்கிறது. கேரளத்தில் ஏழைகளுக்காகக் குறைந்த செலவில் கட்டிய அந்தக் கட்டடக் கலைஞர், செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி ஜாலி கட்டினார். வெளிச்சம் வரும், காற்று வரும், கம்பியும் கதவும் வேண்டாம். ஒரே பலகையை மேலும் கீழும் முளையில் நிறுத்திச் சுழலவிடும் ஜன்னலையும் அவர் பயன்படுத்தினார். இரண்டுமே நம் ஊர்க் கொத்தனாரும் தச்சரும் செய்யக்கூடியவை.

கேட்டுப் பெற வேண்டியது

பழைய வீட்டைப் பழுது பார்க்க அரசுப் பணம் உண்டு. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய இரண்டரை லட்சம் ஊரக வீடுகளைப் பழுது பார்க்க 2,000 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தைத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். பழுது வேலைக்கு ஓவர்சியர் அளவெடுக்க வரும் நாளில் வீட்டில் இருந்து, ஜன்னல் இல்லாத சுவரையும் காட்டுங்கள்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தரப்படுகிறது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். வீட்டைக் கட்டுவது நாம்தான். அஸ்திவாரக் கோடு போடும் அன்றே எந்தச் சுவரில் எத்தனை ஜன்னல் என்று சுண்ணாம்பால் குறித்துவிட்டால், பிறகு உடைக்கும் செலவு மிச்சம். பின்சுவரில் ஒன்று கட்டாயம் என்று கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோடை விடுமுறையில் வீட்டில் இருக்கும் மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். அளவு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் காலனியின் எல்லா வீடுகளுக்கும் போங்கள். அறையின் நீளம், அகலம், ஜன்னலின் நீளம், அகலம். நாலே எண்கள்தான். பத்தில் ஒரு பங்கு தேறுகிறதா என்று வகுத்துப் பாருங்கள். ஊரைப் பார்த்த சுவர்களில் எத்தனை மூடியிருக்கின்றன என்பதைத் தனியாக எழுதுங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு இந்த ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அந்தக் கணக்கை அங்கே எழுந்து நின்று படியுங்கள். எத்தனை வீட்டில் ஜன்னல் இல்லை என்பது தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். கூட்டம் முடிவதற்குள் அந்தப் பக்கத்தை ஒரு முறை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.